டாக்டர் பெயருக்குப் பின் வந்த வரி

"இடது கண்ணில் அழுத்தம் மிக அதிகம். உடனடியாக அறுவைச் சிகிச்சை தேவை. தாமதித்தால் போன பார்வை திரும்பாது."

உள் அறையில் கைபேசியின் பெண் குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் வெட்டு மேசைமேல் குனிந்திருந்த தையல்கார அக்காவின் கை நின்றது. பாதி வெட்டிய சீருடைத் துணிக்குள் கத்தரி வாயைப் பிளந்தபடி கிடந்தது. அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்த தம்பி, எதிர் நாற்காலியில் தேநீர்க் கோப்பையை உதட்டருகே பிடித்தபடி இருந்தான். குடிக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அம்மா கண்ணை மூடியபோது அவனுக்குப் பால்பல் விழவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு அம்மாவும் அவள்தான், அப்பாவும் அவள்தான். கல்யாணமாகி, கணவனைப் பறிகொடுத்து, ஒரு பெண்ணோடு தனியாக நின்றபோதும் தையல் இயந்திரத்தை மிதித்து மிதித்தே அவனைப் படிக்க வைத்து ஆளாக்கினாள். இப்போது ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது. அதனால்தான் எது வந்தாலும் கைபேசியையே வாசிக்கச் சொல்லி மகள் பழக்கியிருந்தாள்.

கண் பரிசோதனை முடிவு தம்பியின் மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. காகித விவகாரம் எல்லாம் அவன் பொறுப்பு. அங்கிருந்து அக்கா மகளின் கைபேசிக்கு அவன்தான் அனுப்பியிருந்தான். அவன் அலுவலகக் கணினிகளில் புதிதாக எதையும் நிறுவ விடமாட்டார்கள். அதற்காக, பி.டி.எஃப். கோப்புகளைத் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பான். எந்தக் கணினியில் செருகினாலும் நிறுவாமலே ஓடும். பக்கங்களைச் சேர்ப்பான், பிரிப்பான், எழுத்துப் பிழை திருத்திக் கொடுப்பான். சொந்தக்காரர்கள் அவனுக்கு 'பி.டி.எஃப். டாக்டர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மகள் கைபேசியோடு வெளியே வந்தாள். சொட்டு மருந்து போடும் வேளையைக் குறித்துக்கொள்ளத்தான் அதை வாசிக்க விட்டிருந்தாள். குரல் சொன்ன வரி திரையில் இல்லவே இல்லை என்றாள். மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் அதே அறுவைச் சிகிச்சை, அதே எச்சரிக்கை. டாக்டரின் பெயர், பட்டம், பதிவு எண் எல்லாம் முடிந்த பிறகு குரல் இன்னொன்றும் சொன்னது: "சொட்டு மருந்தைத் தொடரவும். மூன்று மாதம் கழித்து வரவும்."

"திரையில இது பக்கத்து நடுவுல இருக்கு மாமா. ஆனா பின்னாடி சேர்த்ததைக் குரல் கடைசியாத்தான் வாசிக்கும். கையெழுத்துக்கு அப்புறம் வந்து யார் எழுதினது?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் கைபேசிக்கு ஏதோ கோளாறு என்று பூசி மெழுகினான். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்ததில் வார்த்தைகள் தானாக உதிர ஆரம்பித்தன. மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். மாமியாரும் உயிரோடு இல்லை. அறுவைச் சிகிச்சை என்றால் அக்கா குனியக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பார்கள். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும், பிறகு தானே கூட்டிப் போகலாம் என்று நினைத்தானாம்.

"மூணு மாசம்தானேக்கா. மருந்து போட்டா தாங்கும்னு நினைச்சேன்."

"யாரு நினைச்சது? கண் டாக்டரா, பி.டி.எஃப். டாக்டரா?"

அவன் தலை குனிந்தபடி முணுமுணுத்தான். "மேல வெள்ளைக் கட்டம் போட்டா அடியில இருக்கிறது போயிடும்னு நினைச்சேன். மறைஞ்சுதான் இருந்திருக்கு, அழியல."

அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. செய்ததற்கு வருந்துவான் என்று காத்திருந்தாள். அவனோ சரியாகச் செய்யாததற்கு வருந்திக்கொண்டிருந்தான்.

"உன்ன வளர்த்த கண்ணுடா இது. கேட்டிருந்தா ஒண்ணைப் பிடுங்கியே குடுத்திருப்பேன். கேக்காம எடுக்கப் பார்த்தியே, அதுதான் பொறுக்கல."

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் பேசி, கிடைக்கிற முதல் நாளை வாங்கச் சொன்னாள் மகளிடம். மகள் அங்கேயே நின்று எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் வியாழக்கிழமை என்றார்கள். சரி என்று அக்கா தலையசைத்தாள்.

தம்பி எழுந்தான். போகிற நேரத்திலாவது ஒரு மன்னிப்பு வரும் என்று அந்தப் பாழும் மனசு அப்போதும் எதிர்பார்த்தது.

"அப்போ என் பொண்டாட்டிய யாருக்கா பார்த்துப்பா?"

பழக்கதோஷத்தில் அவன், வாசலோரம் அவள் கட்டி வைத்திருந்த துணிப்பையைக் கையில் எடுத்திருந்தான்.

"அது என் பை. வெச்சுட்டுப் போ."

வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அவன் தெருவைத் தொடும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.