இரண்டாகத் தெரிந்த நிழல்

தம்பியின் நெஞ்சு ஸ்கேன் படத்தில், நுரையீரலின் அடிப்பக்கம் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. கட்டி போலிருக்கிறது, ஒன்றென்றால் வெட்டி எடுத்துவிடலாம், இரண்டென்றால் பரவியிருக்கக்கூடும், அது வேறு கதை என்றார் மட்டக்களப்பில் நாங்கள் காட்டிய டாக்டர். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கோ அந்தப் புள்ளிகள் மேலேயே சந்தேகம். இரண்டும் ஒரே அளவு, ஒரே சாய்வு. இரட்டைப் பிள்ளைகள்கூட இப்படி ஒத்திருக்க மாட்டார்கள். பக்கத்திலிருந்த இரத்தக் குழாய்களும் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அசையும் பொருளை ஸ்கேன் செய்தால் அதன் சரியான உருவத்தை எப்படி மீட்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. மெசின் உடம்பைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே நிழல்களை எடுக்கிறது. இப்படி நிழல் விழ உள்ளே எது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் படத்தை உருவாக்குகிறது. படுத்திருப்பவர் அசையவில்லை என்பது அந்தக் கணக்கின் நம்பிக்கை. அசைந்துவிட்டால், ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அப்போது உருவமும் தெரியாது, அசைவும் தெரியாது. ஒன்றைப் பிடித்தால்தான் மற்றது வரும். இந்த இழுபறியில்தான் என் காலம் போகிறது.

"மூச்சப் புடிச்சியாடா?" என்று கேட்டேன். நெஞ்சு ஸ்கேனுக்கு மூச்சை அடக்கி அசையாமல் படுக்க வேண்டும்.

"நல்லா இழுத்துப் புடிச்சன்தானே அக்கா."

ஆரையம்பதிப் பக்கம் வாவிக்குள் முக்குளித்து, அடியில் சிக்கிய வலைகளை விடுவித்துக் கொடுப்பவன் அவன். மூச்சில் குறை சொன்னால் கோபம் வரும். ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்க, இப்ப புடிச்சுக் காட்டு."

ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து பிடித்தான். வாய் இறுக மூடியிருந்தது. சட்டைப் பொத்தான் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. மூக்கருகே விரலை வைத்தேன். சூடான காற்று.

"விடுறியேடா!"

"தண்ணிக்குள்ள அப்படித்தானே அக்கா. கொஞ்சம் கொஞ்சமா விடாட்டி மேல தூக்கிரும். எப்படி அடியில நிக்கிற?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தப் படத்தை நானே கணக்குப் போட்டுத் திருத்திப் பார்க்க ஆசையும் வந்தது. இவ்வளவு சீராக, ஒரே திசையில் நடக்கும் அசைவு எங்கள் கணக்குக்குக் கிடைப்பது அருமை. ஆனால் எனக்கு வேண்டியவை படமாவதற்கு முந்திய நிழல்கள். அவற்றை மெசின் சேமித்து வைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் டாக்டரும் சிரித்துவிட்டு, இன்னொரு தரம் எடுக்கச் சம்மதித்தார். காற்றை விடாமல் தொண்டையைப் பூட்டி வைத்திருக்கத் தம்பி வீட்டில் பழகிக்கொண்டு வந்தான். முக்குளிக்கிறவனுக்கு அது லேசான காரியமில்லை.

இரண்டாவது படம் வந்ததும் பறித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரத்தக் குழாய்கள் ஒற்றை ஒற்றையாகத் தெளிவாக இருந்தன. புள்ளியும் ஒன்றே ஒன்று.

"ஒண்டுதான்டா! நான் சொன்னன்தானே, ஒண்டுதான்!"

விறாந்தையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி படத்தை வாங்கி, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப, ஒண்டு இருக்கு. என்ன அக்கா?"

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"ஓம்டா," என்றேன். "இருக்கு."