டாக்டரின் இரண்டு சீட் கார்

அறுபதுகளில் கடலூரில் மெக்கானிக்காக இருந்தேன். பிரசவத்தில் என் மனைவிக்கு ரத்தம் நிற்காமல் போன அன்று, தகவல் கிடைத்ததும் சிதம்பரத்து டாக்டர் தன் ஸ்போர்ட்ஸ் காரில் கிளம்பினார். புதுச்சத்திரத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பஸ் பிடித்து அவர் வந்தபோது அவள் இல்லை. குழந்தையும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு டாக்டர் தயங்கித் தயங்கி எனக்கு ஆள் அனுப்பினார். அந்தச் சீமை வண்டியைப் பிரித்துப் பூட்ட என்னை விட்டால் அந்தப் பக்கம் ஆள் கிடையாது. போனேன். அவரைப் பார்த்தால் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். அதற்கடியில் கசிவை அடைக்க வைத்திருந்த கேஸ்கெட் தகடு இரண்டு சிலிண்டருக்கு நடுவே கருகிப் பிய்ந்திருந்தது; வண்டி கொதித்தது அதனால்தான். கரியைச் சுரண்டிவிட்டு, மெட்ராஸிலிருந்து வந்த புதியதை வைத்து, நடுவிலிருந்து ஒவ்வொரு நட்டாக முறுக்கினேன். கை தானாக வேலை செய்தது.

பக்கத்தில் நின்றிருந்த டாக்டர், "அன்னிக்கே நான் பஸ்ல கிளம்பியிருக்கணும்ப்பா" என்றார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க டாக்டர்" என்றேன்.

இன்ஜின் சீராக ஓடியது. "ஏறு, கடலூர்ல விட்டுட்டு வரேன்" என்றார். ஏறிக்கொண்டேன். வழிநெடுக வெப்பம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஏறவில்லை.