குளத்தில் இல்லாத மீன்

என் மாடி வீட்டுக்காரியைப் பிள்ளைகள் ‘தவளை மிஸ்’ என்பார்கள். நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுக்கிற வேலை. அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்புகளைத் தாக்கும் நோய். வாரம் மூன்று முறை தானே ஊசி போட்டுக்கொள்வாள். நோயைவிட ஊசிதான் அவளைப் படுத்தியது. குத்திய இடமெல்லாம் சிவந்து, தடித்து, அரித்தது.

வெளியே தெரியக் கூடாதென்று, நீச்சலுடை மறைக்கும் வயிற்றில் ஒரே இடமாகப் பார்த்துக் குத்திக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். கல்லாகக் கட்டியிருந்தது.

“குனியக் குனியக் குட்டுறவ நீ. குட்டக் குட்டக் குனியுது உன் வயிறு.”

“தொடைல போட்டா எல்லாரும் பாப்பாங்க, பெரிம்மா. தொத்து வியாதின்னு ஒருத்தி பிள்ளையக் கூட்டிட்டுப் போனா மத்தவங்களும் போயிடுவாங்க. அப்புறம் வேலையும் போச்சு.”

“வேலைக்குப் போறதுக்கு முதல்ல உடம்பு வேணும். இந்த இடம் ஆறட்டும். தொடை, கை, இடுப்புன்னு மாத்திப் போடு. ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்டயும் காட்டு.”

நோயாளிகளோடு காலம் தள்ளியவள் நான்; கெஞ்சுவதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குத்தவும் விடவில்லை. மருந்தின் குளிர் போகும்வரை இருவரும் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தொடையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில், தொடையிலிருந்த சிவப்பு வட்டத்தை ஒரு வாண்டு பார்த்துவிட்டது.

“என்ன மிஸ் இது?”

“மீன் கடிச்சிருச்சு.”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்தும் போனாள். அடுத்த வகுப்புக்கு நானும் போயிருந்தேன். ஒரு பிள்ளைகூடத் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லாம் காலை மடக்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தன. ஒருத்தி தூண்டிலோடு வந்திருந்தாள். அம்மாக்கள் தொடையைப் பார்த்தார்கள். மேலாளர் அம்மாக்களைப் பார்த்தார். தவளை என்னைப் பார்த்தது. அவள் உடம்பு, அவள்தான் சொல்ல வேண்டும்.

“மீன் இல்ல,” என்றாள். “ஊசி போட்ட இடம். எனக்கு நரம்புல ஒரு வியாதி. யாருக்கும் ஒட்டாது.”

“யார் போடுறா?”

“நானேதான்.”

“அழுவீங்களா?”

“முன்னாடி அழுதேன். இப்ப திட்டுறேன்.”

“என்னன்னு திட்டுவீங்க?” இதைக் கேட்டது ஓர் அம்மா. முதலில் சிரித்ததும் அவள்தான். அவள் மகன் தொப்பென்று குதித்தான். மற்றதுகளும் பின்னாலேயே விழுந்தன. தூண்டில்காரி மட்டும், “அப்ப மீனே இல்லையா?” என்று அழுதுகொண்டு நின்றாள்.

வயிற்றுக் கட்டி மெல்லத்தான் இளகுகிறது. ஆனால் இடம் மாற்றச் சொல்லி நான் இப்போது மாடி ஏறுவதில்லை.

“போன தடவையும் இதே கால்தானே, மிஸ்?” என்று தூண்டில்காரியே அதட்டிவிடுகிறாள்.