ஏசத் தெரியாத ஐந்து பாஷை

என் அப்பாவின் பெயர் கடற்கரை. போன மாசியில் இறந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "அஞ்சு பாஷை தெரிஞ்ச மனுஷன்லா." தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்துஸ்தானி, இங்கிலீஷ். கணக்கு சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்தில் ஒன்றுகூட என் அம்மாவைக் காப்பாற்றவில்லை. அவரையும் காப்பாற்றவில்லை. அதை யாரும் சொல்லவில்லை. ஆகையால் நான் எழுதுகிறேன்.

எனக்கு மின்சார இலாகாவில் வேலை. யந்திரம் நின்றுபோனால் பழுது எந்த இடத்தில் என்று தேடுவது என் தொழில். அப்பாவையும் அப்படித்தான் பார்க்கிறேன். வேறு விதமாகப் பார்க்க இப்போது முடியவில்லை.

இலஞ்சிப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் கைவிட்டுப் போனதும் அப்பா குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு மீசை அரும்பும் வயது. சாரல் காலத்துக்கு மட்டும் வாடகைக்கு விடும் பங்களா அது. ஆனி பிறந்தால் திருவிதாங்கூரிலிருந்து பழைய தறவாட்டுக் குடும்பங்கள், பரம்பரைப் பெரிய வீட்டுக்காரர்கள், வந்து இறங்கும். அவர்கள் போனதும் ஆந்திர தேசத்து ஜமீன்தார் ஒருவர் பரிவாரத்தோடு வருவார். வடக்கத்தி சேட்டுகள் வருவார்கள். மலைமேல் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் வருவார்கள். வந்தவர்கள் பேசியதைக் கேட்டு, அவர்கள் ஏவியதைச் செய்து, அப்பா பாஷை படித்தார். எழுத்து ஒன்றும் தெரியாது. காது மட்டும்தான்.

பழுது இங்கேதான் ஆரம்பம். ஒவ்வொரு பாஷையையும் அவர் அதன் எஜமானர்களிடமிருந்து கற்றார். எஜமானனுக்குப் பதில் சொல்லும் பாதியை மட்டும் கற்றார். மறுபாதி அவர் வாய்க்கு வரவே இல்லை.

தென்காசி ரயிலடியிலிருந்து அந்தப் பங்களாவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து விட்டவர் ஒலி முகம்மது மாமா. சொந்தக் குதிரை வண்டி. அவருக்கும் எல்லாப் பாஷையும் வரும். ஒன்றும் முழுதாக வராது. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு பேரும் வண்டிப்பேட்டையில் உட்கார்ந்து எந்தப் பாஷை கஷ்டம் என்று வாதாடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் இதே வாதம்தான்.

"இங்கிலீஷ்தான் அண்ணாச்சி கஷ்டம். வாய்க்குள்ள கல்லப் போட்டுக்கிட்டுல்லா பேசுதான்."

"இல்ல ராவுத்தரே. அதுதான் ரொம்ப லேசு. பெரியவன், சின்னவன் எல்லாத்துக்கும் ஒரே 'யூ'. கடைசியில ஒரு 'சார்' போட்டா முடிஞ்சுது. மலையாளந்தான் ஆளக் கொல்லும்."

"பாதி நம்ம பேச்சுதானவே அது?"

"அந்தப் பாதிதான் கவுத்திரும். நாக்கு அது பாட்டுக்கு ஓடிரும்."

அப்பா கண்டுதான் சொன்னார். அந்தப் பழைய தறவாடுகளில் ஏவலாள் 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தன் வீட்டைக் குப்பைக் குடில் என்ற அர்த்தத்தில் குப்பமாடம் என்றும், தான் தின்னும் சோற்றை வெறும் கழுநீர்போலக் கரிக்காடி என்றும் சொல்ல வேண்டும். ஒருநாள் அப்பா வாய்தவறி, "என் வீட்டுக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பத்துக் காரியஸ்தர் கன்னத்தில் அறைந்தார். "எங்கள் முன்னால் உனக்கு வீடா?" என்று கேட்டார். பிறகு அப்பா தவறவே இல்லை. தெலுங்கில் 'சித்தம், தொரகாரு' என்று ஆரம்பித்தார். இந்துஸ்தானியில் 'ஹுசூர்' என்று ஆரம்பித்தார். நன்றாகக் கற்றார். தீர்ந்தது.

ஒலி முகம்மது மாமாவின் பாடம் வேறு.

"எந்தப் பாஷையா இருந்தாலும் மொதல்ல ஏசப் படிக்கணும் அண்ணாச்சி. மத்தது தானா வரும். நான் தெலுங்கு எப்பிடிப் படிச்சேன்? ஒருத்தன் என் குதிரைய நொண்டின்னுட்டான். தென்காசியில ஏறினவன் குத்தாலத்துல இறங்கதுக்குள்ள எனக்குப் பாதித் தெலுங்கு வந்துட்டு."

"நீரு வண்டிக்காரரு. நான் ஏசினா அன்னைக்கே வெளியில நிப்பேன்."

"நில்லுமே. என் வண்டி இருக்குல்லா, ஏத்திக்கிடுதேன்."

அப்பா சிரிப்பார். என் அம்மா பேராச்சிக்கு ஒரு பாஷைதான். அதில் அவளால் சொல்ல முடியாதது எதுவும் கிடையாது. "எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு பாஷையிலயும் ஒரே வார்த்ததான் தெரியும். ஆகட்டும்" என்பாள். அதற்கும் அப்பா "ஆகட்டும்" என்பார். அம்மாவும் சிரித்துவிடுவாள்.

இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பங்களாவின் பழைய பட்லர். அவர் ஒரு விதி வைத்திருந்தார். கெட்ட செய்தியைத் துரையிடம் கெட்ட செய்தியாகச் சொல்லக் கூடாது. முதலில் 'நத்திங் சீரியஸ், சார்.' அடுத்தது 'சாரி ஃபார் த ட்ரபிள், சார்.' அதற்குப் பிறகுதான் விஷயம். விஷயத்துக்கு முன்னால் 'ஸ்மால்' போட வேண்டும். ஒரு முறை குளியலறையில் நல்லபாம்பு புகுந்துவிட்டது. அப்பா வராந்தாவுக்குப் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, "நத்திங் சீரியஸ், சார். சாரி ஃபார் த ட்ரபிள், சார். ஸ்மால் ஸ்நேக், சார்" என்றார். துரைமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வருஷம் வந்தபோதும் அதைச் சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். இனாம் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பெருமை.

அம்மா இறந்தது முப்பத்து நாலாம் வருஷம், ஆடியில். பங்களாவுக்குப் பின்னால் வேலையாட்களுக்கான அறைகளில் ஒன்றில் குடியிருந்தோம். அவளுக்குப் பிரசவம். பிள்ளை பிறந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி மாடத்தி வெளியே வந்து அப்பாவைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏ அண்ணே, என் கைக்கு மீறிட்டு. ஒங்க பங்களாவுல வெள்ளக்கார டாக்டரு வந்திருக்காருல்லா? ஓடும். கையப் பிடிச்சு இழுத்துட்டு வாரும்."

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆகட்டும்னு சொல்லிட்டு நிக்காதீக. வரச் சொல்லுங்க."

அப்பா ஓடினார். டாக்டர் அந்த வருஷத்து விருந்தாளிகளில் ஒருவர். வராந்தாவில் நண்பர்களோடு சாயந்திரத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே சாரல். அங்கே நடந்ததைச் சமையற்காரர் பரமசிவன் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குப் பிற்பாடு சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா படிக்கட்டில் காலைத் துடைத்தார். தலைப்பாகையைச் சரிசெய்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். "நத்திங் சீரியஸ், சார்" என்றார். "சாரி ஃபார் த ட்ரபிள், சார். மை வைஃப், சார். ஸ்மால் ட்ரபிள், சார். ஆஃப்டர் டீ, சார்."

டாக்டர் நல்லவராகவே தலையை ஆட்டினார். தேநீர் முடிந்ததும் வருகிறேன் என்றார். அவருடைய கோப்பை காலியாக இருந்தது. அப்பா அதை நிரப்பினார். பிறகு சுவரோரமாக நின்றார். பரமசிவன் உள்ளிருந்து கையைக் காட்டினார், சாடை செய்தார். அப்பாவின் முகத்தில் வியர்வை ஓடிற்று. உதடு அசைந்தது. துரைமார் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். அப்பா மேஜையைத் துடைத்துக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் ஒலி முகம்மது மாமா யாரையோ இறக்கிவிட வண்டியோடு வந்தார். மாடத்தி அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மாமா சேற்றுக் காலோடு வராந்தாவில் ஏறினார்.

"யூ டாக்டரா? உமன் டை! கம்! ரன், யூ ப்ளடி மேன், ரன்!"

டாக்டர் ஓடினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், மழையில் ஓடினார். அதைச் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து அப்பாவிடம் கேட்டார்: நீ ஏன் இப்படியென்று சொல்லவில்லை?

அப்பா சொன்னார்: "சாரி, சார்."

அம்மாவின் பதினாறு முடிந்ததும் அப்பா வண்டிப்பேட்டைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"ராவுத்தரே, எனக்கு ஏசச் சொல்லித் தாரும்" என்றார்.

மாமா வண்டியில் இடம் விட்டார். "ஏறும்" என்றார். வண்டி இலஞ்சி வழியாகப் போயிற்று. மாமா கடிவாளத்தை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நான்தான் துரை. ஒம்ம அரிசி நாத்தமடிக்கிங்கேன். என்ன சொல்லுவீரு?"

"மாத்திரலாம் சார்."

"ஏ, அண்ணாச்சி! ஒம்ம அரிசிவே அது! சரி, அது போட்டும். நான் ஒம்ம வீட்டக் குப்பமாடங்கேன்."

அப்பா யோசித்தார். "ஆமா" என்றார்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. காலைத் தூக்கி அப்பாவின் பாதத்தின் மேல் ஓங்கி மிதித்தார்.

"சாரி, சார்" என்றார் அப்பா.

மிதிபட்டவர் அவர். மாமா காலை எடுத்துக்கொண்டார். கடிவாளத்தைத் திரும்பப் பிடித்தார். பாடம் அன்றோடு நின்றது.

என்னைப் படிக்க வைத்தார். சென்னையில் தொழிற்பள்ளியில் படித்தேன். என் இங்கிலீஷ் வேறு இடத்திலிருந்து வந்தது. யந்திரங்களோடு வரும் குறிப்புப் புத்தகங்களிலிருந்து. வால்வை மூடு. சுவிட்சைத் திற. தொடாதே. விலகி நில். அந்த இங்கிலீஷில் 'சார்' கிடையாது. 'தயவுசெய்து' கூடக் கிடையாது. எல்லாம் ஏவல். யந்திரத்துக்கு மனம் நோகாது என்று தெரிந்தவர்கள் எழுதியது. எனக்கு அது சுலபமாக வந்தது. அப்பாவுக்கும் இங்கிலீஷ் சுலபமாகத்தான் வந்தது. இரண்டு பேரும் ஒரே பாஷையைக் கற்றதாக ஊர் நினைத்தது.

பாபநாசத்தில் மின்சார வேலை கிடைத்த பிறகு ஒரு நாள் காக்கி உடுப்போடும் தொப்பியோடும் அவரைப் பார்க்கப் போனேன். பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கியிருந்தது. நான் படியேறியதும் எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டார். "குட் ஈவ்னிங், சார். நோ ரூம், சார். சாரி ஃபார் த ட்ரபிள், சார்." தொப்பியைக் கழற்றினேன். "நீயாலே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாசியில் வயிற்று வலி. பரமசிவன்தான் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குத் தந்தி கொடுத்தார். டாக்டர் வெள்ளைக்காரர் இல்லை. நம் பக்கத்து ஆள், தமிழர். தமிழில்தான் கேட்டாராம்.

"என்ன பெரியவரே, எங்க வலிக்கி?"

அப்பா படுக்கையிலேயே எழுந்து உட்கார முயன்றாராம். டாக்டருடைய கோட்டையும் கழுத்தில் தொங்கிய குழாயையும் பார்த்தாராம். "நத்திங் சீரியஸ், சார்" என்றாராம். "சாரி ஃபார் த ட்ரபிள், சார். ஸ்மால் பெய்ன், சார்."

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பெரியவர் எவ்வளவு அழகாக இங்கிலீஷ் பேசுகிறார் என்று நர்சிடம் சொல்லிவிட்டு, ஒரு மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கத்திக்கொண்டிருந்த அடுத்த படுக்கைக்காரனிடம் போனார். ஒவ்வொரு முறை சுற்றி வந்தபோதும் இதே கேள்வி, இதே பதில்.

நான் மறுநாள் போய்ச் சேர்ந்தேன். போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டேன். பலகைபோல் இருந்தது. எனக்கு வைத்தியம் தெரியாது. வயிறு இப்படி இறுகியிருக்கக் கூடாது என்பது தெரிந்தது.

"வலிக்காப்பா?"

"ஒண்ணுமில்லலே. லேசா."

"உண்மையச் சொல்லுங்க."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "அவுகளுக்கு எத்தனையோ வேல இருக்கும்" என்றார்.

நான் போய் டாக்டரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது சரியில்லை, இழுத்து வந்தேன். அவர் வயிற்றை அழுத்தினார். அவர் முகம் மாறிற்று. உள்ளே குடல் ஓட்டையாகி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. கத்தி வைக்க வேண்டிய நேரம் போய்விட்டது. அவர் என்னிடம் கேட்டார்: "ஏன் இவர் முன்னமே சொல்லலை?"

பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய கேள்வி. அப்பா அதற்குத் தயாராக இருந்தார். "சாரி, சார்" என்றார். மறுநாள் விடிந்ததும் போய்விட்டார்.

சிற்றாற்றங்கரையில் காரியம் முடிந்து மேடேறினேன். சாலையில் ஒலி முகம்மது மாமா வண்டியோடு நின்றார். கிழவராகிவிட்டார். குதிரை வேறு.

"மருமகனே, அந்த டாக்டர ஏசினியா?"

"ஏசினேன் மாமா."

"நல்லா ஏசினியா?"

"ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டுது."

"எந்தப் பாஷையில?"

"இங்கிலீஷ்ல."

"அவன் நம்ம ஆளுல்லாலே? தமிழ்ல ஏசுறதுக்கு என்ன?"

"தமிழ்ல வாயத் தொறந்தேன் மாமா. 'மன்னிக்கணும்'னுதான் வந்துது."

அன்று அப்பாவின் பாதத்தை மிதித்த மாமா இன்று என் காலைப் பார்த்தார். பிறகு வண்டியில் இடம் விட்டார்.