முதல் தொகுதி உப்பு

சாங்வியில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் மூன்றாவது மாடியில் ஜம்புநாதன் இருக்கிறார். வயது எழுபத்துநான்கு. சிஞ்ச்வட்டில் வண்டிப் பாகங்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஆய்வகம் பார்த்தவர். ஓய்வு பெறுகிறவர்கள் சுவர்க் கடிகாரத்தோடு வீடு திரும்புவார்கள். இவர் ஆய்வகச் சுவரிலிருந்த தனிம வரிசை அட்டவணையைக் கழற்றிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே அது தொங்குகிறது, நூற்றுப் பதினெட்டுக் கட்டங்களோடு. வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் அதைத்தான் பரிமாறுவார்.

அவர் மனைவி விசாலாக்ஷி குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளப் போனவள் நான். முதல் நாளே என்னை அட்டவணைக்கு முன் நிறுத்தினார்.

"பாருங்கோ சிஸ்டர், மேலேருந்து கீழே இறங்கற இந்த வரிசை முதல் தொகுதி. எல்லாம் ஒரே குடும்பம். வெளி வட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு எலெக்ட்ரான். அதனால எல்லாம் ஒரே மாதிரி நடந்துக்கும்."

"உங்க குடும்பத்துல எத்தனை பேர் சார் ஒரே மாதிரி நடந்துக்கறாங்க?"

உள்ளே கட்டிலிலிருந்து விசாலாக்ஷி சிரிப்பது கேட்டது.

மனிதர்களையும் கட்டத்தில் போட்டுவிடுவார். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் ஆர்கான், எதற்கும் அசையமாட்டானாம். சொசைட்டி செயலாளர் ஃப்ளூரின், தொட்டதையெல்லாம் கடிப்பாராம். தான் எந்தக் கட்டம் என்று மட்டும் சொன்னதில்லை.

ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் அவரைச் சோடியத்தைக் குறைக்கச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் ரசத்தில் உப்பைக் குறைத்திருப்பார்கள். இவர் அட்டவணையைப் பார்த்தார். சோடியம் பதினொன்று. நேர் கீழே பொட்டாசியம், பத்தொன்பது. ஒரே குடும்பம்தானே! ஆன்லைனில் பொட்டாசியம் உப்பு வரவழைத்தார். மோரில்கூடத் தாராளமாகக் கரைத்துக் குடித்தார்.

"கசக்கறதுன்னா. எனக்கு வேண்டாம்," என்றாள் விசாலாக்ஷி.

"நாக்குக்குக் கெமிஸ்ட்ரி தெரியாதுடி."

அவருடைய மாத்திரைகளை எடுத்துப் பார்த்தேன். பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும் வகை. சர்க்கரையால் சிறுநீரகமும் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. "இந்த மாத்திரையோட இந்த உப்பும் சேர்ந்தா இதயம் நின்னுடும் சார். டாக்டரைக் கேக்காம போடாதீங்க."

"நீங்க டயப்பர் மாத்தறதுல எக்ஸ்பர்ட், சிஸ்டர். இதை எங்கிட்ட விடுங்கோ."

பாக்கெட்டை ஒளித்தேன். மறுநாள் புதிது வந்தது. ஊருக்குள் கேம்ப் என்கிற பகுதியில் வேலை பார்க்கும் மகன் கிருஷ்ணாவுக்கு ஃபோன் செய்தேன். "அப்பா சொன்னா கரெக்டா இருக்கும், ஆன்ட்டி," என்றான். படித்த பிள்ளை.

பத்தாவது நாள் காலை நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். கால்கள் எழவில்லை. நாடி பிடித்தேன். நாற்பத்திரண்டு. ஆம்புலன்ஸை அழைக்கும்போதும், "வெறும் அசதி," என்றுதான் முனகிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். சோடியம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே இருக்க வேண்டியது, பொட்டாசியம் உள்ளே; உடம்பு இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்லை என்று அங்கிருந்த பெண் டாக்டர் ப்ரீதி ஹிந்தியில் அவருக்கு விளக்கினாள். அவர் கேட்டுக்கொள்ளும் நிலையில் இல்லை. நரம்பில் ஊசி ஏறியது. திரையில் இதயக் கோடு மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

மாலையில் பேச்சு வந்ததும் முதல் கேள்வி: "எனக்கு என்ன குடுத்தா?"

"முதல்ல கால்சியம்," என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தேளா! இருபது! பொட்டாசியத்துக்கு அடுத்த கட்டம்! அட்டவணைதான் காப்பாத்தியிருக்கு!"

"கொல்லப் பாத்தது ஒரே தொகுதிக்காரன். காப்பாத்தினது வேற தொகுதிக்காரன். இதை எந்தக் கட்டத்துல எழுதியிருக்கு சார்?"

வீட்டிலிருந்த விசாலாக்ஷியை ஃபோனில் கூப்பிட்டு, இந்த இருபதாம் கட்டக் கதையைச் சொல்லி, ஃபோனை அவர் காதருகே வைத்தேன்.

"ஏன்னா, இருபதுக்கு அப்புறம் இருபத்தொண்ணு என்ன?"

"ஸ்காண்டியம்," என்றார், ஆசையாக.

"அதை வரவழைச்சு சாம்பார்ல போட்டேள்னா, நானே உங்களை எரிச்சுடுவேன். மரியாதையா ஆத்துக்கு வாங்கோ."