அடிப்படி தெரிந்த பிறகும் ஓடிய மோட்டார்

எங்கள் கிணற்றைக் கெடுத்தவன் என் சித்தப்பா மகன். மழையைக் குறை சொல்ல வேண்டாம். அப்போது அயனம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நின்றது.

ஏரிக்குப் பின்னால் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு நிலம், நடுவில் பொதுக் கிணறு. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. யார் முறையானாலும், கிணற்றுக்குள் இறங்கும் படிகளில் கடைசியான அடிப்படி வெளியே தெரிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் மறுபடி ஊறும். இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டே கத்திரி வெயிலிலும் அரைக்கீரை, சிறுகீரை அறுத்து விற்றேன். சின்ன நிலத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் போதாது என்று சொல்பவர்கள் அப்போது வந்து பார்த்திருக்க வேண்டும்.

அவன் பயிர் வைப்பதை விட்டான். அது அவன் இஷ்டம். ஆனால் முறையை மட்டும் விடவில்லை. அவன் முறை வந்தாலே வரப்போரம் தண்ணீர் லாரி நிற்கும். விவசாயத்துக்கென்று கொடுத்த இலவச மின்சாரத்தில் எங்கள் கிணறு அடுக்குமாடித் தொட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அடிப்படிக்குக் கீழே பாறையே தெரிந்தது. மோட்டார் நிற்கவில்லை.

"டேய், படி தெரியுது, கண்ணு இல்லியா உனுக்கு? நிறுத்துடா."

"என் மொறைண்ணே. உனுக்கு இன்னா எரியுது?"

"மொற நெலத்துக்குடா. உன் நெலம் காஞ்சி கெடக்குது, தண்ணி எங்க போவுது?"

லாரி டிரைவர் சிரித்தான். "நெலம் லாரிக்குள்ள கீது நைனா. ஏறிப் பாரு, நாத்து நட்டுக்கீறாரு."

மறுநாள் என் முறை. மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. அந்த வாரமே பாத்திகள் கருகின.

இந்த யோக்கியன் போன மாதம் விவசாயிகள் கூட்டத்தில் வெள்ளைச் சட்டையோடு மைக்கைப் பிடித்தான். நிலத்தடி நீர்தான் சிறு விவசாயியின் உயிராம். ஆழமாகப் போர் போட அவனுக்கு மானியம் வேண்டுமாம். அதிகாரிகள் கைதட்டினார்கள். அவன் கையில் சேறு பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் போர் இறங்கினால் எங்கள் கிணற்றில் ஊற்றே மிஞ்சாது. அதோடு என் கீரையும் முடிந்தது.

மானியத்தை முடிவு செய்ய மறுபடி கூட்டம் கூட்டுகிறார்கள். நானும் வருவேன். தம்பி, அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்: உன் முறைத் தண்ணீரில் இதுவரை என்ன விளைந்தது?