மணிக்கோபுரத்தில் கேட்ட குரல்

ஓய்வு பெற்றதும் ஆளுக்கொரு பொழுதுபோக்கு வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் நீச்சல் பழகப் போனேன். முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டிய என் கணவர், எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் தேவாலயத்தில் மணி அடிக்கப் போனார். நாங்கள் இருப்பது வால்தம்ஸ்டோவில்; தேவாலயத்தைச் சுற்றியுள்ள எங்கள் பகுதியை இன்றும் எல்லோரும் 'வில்லேஜ்' என்றுதான் சொல்வார்கள். ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைகளில் காய்கறி வாங்கும்போது தெரிந்தவர்கள் விசாரித்தால், "அவர் நடக்கப் போறவர்" என்று சமாளித்தேன். சைவக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று யார் விளக்கிக்கொண்டிருப்பது?

முதல் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தார். ஊர்க் கோயில் மணியை இழுத்த பழக்கத்தில் கயிற்றை விடாமல் பிடித்திருக்கிறார். மேலே போன கயிறு ஆளையும் சேர்த்துத் தூக்கிவிட்டதாம். இத்தோடு ஆசை தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனார்.

அவருக்கு ஒன்றில் ஆசை வந்ததே எனக்குப் புதினம். சோபா என்ன நிறம், விடுமுறைக்கு எங்கே போவது, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "உமக்கு எப்பிடி விருப்பமோ அப்பிடிச் செய்யும்." தங்கமான மனிதர் என்று ஊர் சொல்லும். கூட இருந்து பார்த்தால் தெரியும். முடிவு பிழைத்தால் பழி முழுக்க என் தலையில்.

போன கோடையில், லண்டனை விட்டுத் தள்ளி லெஸ்டரில் இருக்கும் மகள் எங்களை வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். பேத்திக்கு ஒன்றரை வயது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லுங்கள் என்றாள். எனக்குப் போகத்தான் ஆசை. பேத்தி என் தோளில் தூங்குவதை நினைத்தாலே மனம் இளகிவிடும். அவரிடம் கேட்டேன். அதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு விற்பதும் சோபா நிறமும் ஒன்றா?

அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் அவர் பின்னாலேயே போனேன். இந்த மனிதரைக் கதிரையிலிருந்து கிளப்புகிற சங்கதி என்ன என்று பார்த்துவிட வேண்டும். மணிக்கோபுரத்தின் குறுகிய படிகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினால் மேலே ஒரு சின்ன அறை. கூரைத் துளைகளின் வழியே ஆறு கயிறுகள் தொங்கின. ஐந்து வெள்ளைக்காரர்கள், ஆறாவது இவர். மணிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின.

"த்ரீ டு ஃபோர்!" என்று யாரோ அதட்டினார்கள். மூன்றாவது மணி நாலாவதற்குப் பின்னால் போய், மணிகளின் வரிசை மாறியது. "டூ டு ஃபோர்!" மறுபடி மாறியது. யார் என்று பார்த்தால், என் கணவர். அவர் சொல்லச் சொல்ல ஐந்து பேரும் கேட்டார்கள். கடைசியில் "ஸ்டாண்ட்!" என்றார். அத்தனை மணியும் நின்றன.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம், "உங்கள் கணவருக்கு எது எப்போது வேண்டும் என்று தெளிவாகத் தெரியும்" என்றார். எந்தக் கணவரைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கொஞ்சத் தூரம் நடந்ததும் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, லெஸ்டருக்குப் போவமோ, வேண்டாமோ?"

"உமக்கு எப்பிடி..."

"அது வேண்டாம். மேலை நிண்டு கத்தின குரலிலை சொல்லுங்கோ."

நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார்.

"எனக்குப் போக விருப்பமில்லை. இஞ்சைதான் இருக்கோணும்."

சந்தோஷமாக இருந்தது. வீடு வந்து சேருவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இனிப் பேத்தியை எப்போதாவதுதான் தூக்குவேன். கேட்டு வாங்கியது நான்தானே, யாரை நோவது?

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் செய்தேன். "பிள்ளை, நாங்கள் வரேல்லை. அப்பாவுக்கு விருப்பமில்லையாம்." கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

"அப்பாவோ சொன்னவர்? தன்ரை வாயாலை?"

"ஓம்."

"போனை அவரிட்டைக் குடுங்கோ அம்மா. நான் ஒருக்காக் கேக்கோணும்."